நேயர் என்னும் சொல்

கம்பத்திலிருந்து குமுளி மலையேறிக் கேரளத்துள் நுழைந்தால் வானொலி கேட்பவர் ‘சுரோதாக்கள்’ ஆகின்றனர். தொலைக்காட்சி காண்பவரோ ‘பிரேக்ஷகர்’. கேட்டலையும் காண்டலையும் மலையாளம் இவ்வாறு பிரித்துப் பெயரிட்டுள்ளது. தெலுங்கிலும் இந்தியிலும் இப்பிரிவினை உண்டு. மலைக்கு இப்பால் தமிழில் இருவருமே நேயர்.

‘ஸ்நேகம்’ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம் நேயம். வடமொழியில் அச்சொல் எண்ணெய்ப் பசையையும் குறிக்கும், ஒட்டிக்கொள்வதுதானே அன்பு! மாணிக்கவாசகரின் சிவபுராணத்தில் இறைவன் நிலைபெறும் இடமே நேயம். வேர் வடமொழியுடையது என்று தனித்தமிழார் இதனை ஒதுக்கலாம். எனினும் ‘காண்போர்’, ‘கேட்போர்’ என்னும் சொற்கள் செயலை மட்டுமே சுட்டுவன. உறவைச் சுட்டுவது நேயர் ஒன்றே.

சென்னையில் 1938ஆம் ஆண்டிலும் திருச்சியில் 1939ஆம் ஆண்டிலும் அனைத்திந்திய வானொலி நிலையங்கள் தோன்றின. காலப்போக்கில் இச்சொல்லை ஊரறியச் செய்தது நேயர் விருப்பம். தென்மாவட்டங்களில் தெளிவாக ஒலித்த இலங்கை வானொலிக்கு இதில் பெரும் பங்குண்டு. அஞ்சலட்டையில் பாடலொன்றைக் கேட்டு எழுதியவரின் பெயரும் ஊரும் காற்றில் வந்தன. வரைபடத்தில் தேடினாலும் அகப்படாத சிற்றூரின் பெயரை அறிவிப்பாளர் உச்சரித்தார். பாட்டைவிட அந்தப் பெயருக்காகவே காத்திருந்தவர் பலர். 1963ஆம் ஆண்டு தொடங்கிய சீன வானொலியின் தமிழ் ஒலிபரப்புக்கும் தமிழகச் சிற்றூர்களில் நேயர் மன்றங்கள் அமைந்தன.

1975 ஆகஸ்டு 15 அன்று சென்னைத் தொலைக்காட்சி நிலையம் பிறந்தபோது, ஒலியுடன் ஒளியும் சேர்ந்தது. பெயரை மாற்ற வேண்டிய தேவை எழவில்லை. நேயர் என்னும் சொல் செவிக்கு மட்டும் உரியதாக என்றுமே இருந்ததில்லை அன்றோ? அந்நிலையத்தின் ‘எதிரொலி’ நிகழ்ச்சியில் நேயர் கடிதங்கள் படிக்கப்பட்டன. குறைகளுக்கு நிலையம் விடை கூறியது. விடை எப்போதும் நிறைவளித்தது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் எழுதியவர் தனியொருவராக மதிக்கப்பட்டார்.

1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் பின் தனியார் அலைவரிசைகள் பெருகின. கடிதம் குறைந்தது, டி.ஆர்.பி. எண்ணிக்கை வந்தது. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் பொருத்திய கருவி, எந்த அலைவரிசை எவ்வளவு நேரம் ஓடியது என்று கணக்கிடுகிறது. அக்கணக்கில் வருபவருக்குப் பெயரில்லை, ஊரில்லை. அவரைக் குறிக்க நேயர் என்ற சொல் பொருந்தவுமில்லை. ‘பார்வையாளர்’ என்றே எழுதுகின்றனர். மருத்துவமனைச் சுவரில் ‘பார்வையாளர் நேரம்’ என்றிருக்குமே, அதே சொல்: வந்து, பார்த்து, மணியடித்ததும் வெளியேறுபவர்.

நிகழ்ச்சி தொடங்கும்போது மட்டும் பல அலைவரிசைகளில் இன்றும் ‘நேயர்களுக்கு வணக்கம்’ ஒலிக்கிறது.