விஹார் ஏரியும் தாராவிக் குழாயடியும்

மும்பையில் மழைக்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு இரண்டாயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது; நம் நெல்லைச் சீமையில் பெய்வதைப் போல இரண்டு மடங்குக்கும் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குடம் தண்ணீருக்காக விடிகாலை மூன்று மணிக்குக் கண் விழித்த தலைமுறை நம்முடையது. இது ஏன் என்று தேடிப் போனால் 1850கள் வரை போக வேண்டியிருக்கிறது.

அதுவரை பம்பாய்த் தீவு கிணற்றையும் குளத்தையும் நம்பியே இருந்தது. தோபி தலாவ், கோவாலியா டேங்க், சி.பி. டேங்க் என்று பெயர்கள் மட்டும் இன்றும் நிற்கின்றன. குளங்கள் தூர்ந்து தெருவாகிவிட்டன. 1850களின் நடுவில் மழை பொய்த்தது. வெளியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து நகரத்துக் கிணறுகளில் ஊற்றினார்கள். கால்நடைகளை மாஹிம் பக்கம் ஓட்டிவிடச் சொன்னார்கள். இந்த நெருக்கடியில்தான் பொறியாளர் ஹென்றி கோனிபேர் வகுத்த திட்டம் உயிர் பெற்றது. தீவுக்கு வடக்கே சால்செட்டில், மித்தி ஆறு பிறக்கும் பள்ளத்தாக்கை மறித்து 1856இல் வேலை தொடங்கி, 1860இல் விஹார் ஏரித் தண்ணீர் குழாய் வழியே நகரத்துக்கு வந்தது. பிறகு துளசி (1879), தான்சா (1892) என்று ஏரிகள் வடக்கே தள்ளித் தள்ளிப் போயின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மித்தியின் தலை விஹார் என்றால், வால் தாராவி. தலையில் கட்டிய தண்ணீர் தெற்கே கோட்டைக்கும் மலபார் ஹில்லுக்கும் போயிற்று. மிச்சம் வழிந்து, வழியெல்லாம் ஆலைக் கழிவையும் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு, சுமார் 18 கிலோமீட்டர் ஓடி, நம்மவர் குடியேறிய சதுப்பு நிலத்தை ஒட்டி மாஹிம் கழிமுகத்தில் சேர்ந்தது.

கோலி மீனவர்களின் ஊரான தாராவிக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம்கள் தோல் பதனிட வந்தார்கள். கழிமுகத்துக்கு அக்கரையில் பாந்த்ரா இறைச்சிக்கூடம் இருந்ததால் தோலுக்குக் குறைவில்லை. அவர்களைத் தொடர்ந்து வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். பக்கத்திலேயே மாட்டுங்கா. 1896இல் பிளேக் நோய் வந்த பிறகு, 1898இல் அமைக்கப்பட்ட சீரமைப்பு டிரஸ்ட் சாலையும் வடிகாலும் வகுத்து உருவாக்கிய பகுதி அது. அங்கே குடியேறிய நம்மவர்க்கு வீட்டுக்குள் குழாய். நடந்து போகும் தூரத்தில் இருந்த தாராவித் தமிழர்க்குத் தெருமுனையில்கூட இல்லை. இரண்டு இடத்திலும் பேசியது ஒரே தமிழ்தான்.

தாராவி ஓரமாக, தெற்கு நகரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் ராட்சதக் குழாய்கள் ஓடுகின்றன. சிறுவயதில் அதன்மேல் ஏறி நடந்திருக்கிறோம். காலடியில் ஆறு போல ஓடும். வீட்டில் டிரம் காலியாக இருக்கும். "ஏலே எந்திரி, பைப்புல காத்து ஊதுது, தண்ணி வரப்போவுது" என்று அம்மா எழுப்புவது இன்னும் காதில் இருக்கிறது. முதலில் காற்று, பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், அப்புறம்தான் தெளிந்த தண்ணீர். அதற்குள் குழாயடிச் சண்டை ஒரு சுற்று முடிந்திருக்கும்.

எந்தத் தெருவுக்கு எத்தனை மணிக்கு என்பது வால்வைத் திருப்பும் சாவிவாலா கையில். ஊரில் குளத்து மடை திறக்க நீர்ப்பாய்ச்சி உண்டு. கடைமடைக்காரனுக்கும் முறை வைத்து விடுவது அவர் பொறுப்பு. தவறினால் ஊர் கேட்கும். சாவிவாலாவை அப்படிக் கேட்க நமக்கு என்ன உரிமை இருந்தது? உரிமை காகிதத்தில் இருந்தது. 1976இல் குடிசைகளைக் கணக்கெடுத்து அட்டை கொடுத்தார்கள். பிறகு 1995 ஜனவரி 1, அதன்பின் 2000 ஜனவரி 1 என்று ஒரு தேதி வைத்தார்கள். அதற்கு முன்பே குடியிருந்ததாக ரேஷன் கார்டோ வாக்காளர் பட்டியலோ காட்டினால் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு குழாய் பெறலாம். காட்ட முடியாதவர் விலைக்கு வாங்க வேண்டும். தாகத்துக்கு ஏது தேதி?

2005 ஜூலை 26இல் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் பெய்தது. கழிவும் ஆக்கிரமிப்பும் அடைத்த மித்தி கரை புரண்டு வீடுகளுக்குள் வந்தது. இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு குடிக்கத் தண்ணீர் தேடினோம்.

பானி ஹக் சமிதி தொடுத்த வழக்கில் 2014 டிசம்பரில் பம்பாய் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குடியிருப்பு சட்டப்படியானதா இல்லையா என்பதைக் காட்டிக் குடிநீரை மறுக்கக் கூடாது, அது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும். ஆனால் எல்லோருக்கும் சம அளவு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. 2022 மே மாதம் மாநகராட்சி 'அனைவருக்கும் தண்ணீர்' கொள்கையை அறிவித்தது. இப்போது ஏழு ஏரிகளிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 385 கோடி லிட்டர் வருகிறது. அதில் கால் பங்குக்கு மேல் கசிவிலும் திருட்டிலும் போவதாகக் கணக்கு. புதிய அணை வேண்டும் என்கிறவர்கள் முதலில் இந்தக் கால் பங்கைப் பார்க்கட்டும் என்பது என் கட்சி.

இந்த வரலாற்றின் பாதி, எழுத்தில் இல்லாமல் நம் வீட்டுப் பெரியம்மாக்களிடமும் ஆச்சிகளிடமும் இருக்கிறது. தங்கள் சாலில் எத்தனை வீட்டுக்கு எத்தனை குழாய், முறையை யார் வைத்தார்கள், முதல் இணைப்பு எந்த ஆண்டு வந்தது என்று அவர்கள் சொல்வதைச் சங்க இளைஞர்கள் இப்போதே கேட்டு எழுதி வைக்கலாம். எங்கள் குழாயின் முறையை வைத்தவருக்கு இப்போது எண்பது வயதாகிறது; செம்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார்.