குட்டைவால் மலைப்பாம்புகள்: வட்டார வகைகள் பிரித்தறியப்பட்ட வரலாறு

சுமத்ரா, போர்னியோ, மலாய் தீபகற்பம் ஆகிய பகுதிகளின் சதுப்புக் காடுகளில் வாழும் குட்டைவால் மலைப்பாம்புகளுக்கு அடையாளம் நீளமல்ல, பருமன்தான். முதிர்ந்த பாம்பு பெரும்பாலும் 1.5 முதல் 2 மீட்டருக்குள் நின்றுவிடும். காடு அழிந்து செம்பனைத் தோட்டமான இடங்களிலும் எலிகளைத் தின்று பிழைத்துக்கொள்ளும். தமிழர் தலைமுறைகளாக உழைத்த மலேசியத் தோட்டப் பகுதிகளும் இவற்றின் வாழிடமே. ஊர்வன வளர்ப்போர் இவற்றைச் சிவப்பு, கருப்பு, போர்னியோ, பங்கா, சரவாக் என்று நிறத்தாலும் ஊராலும் பிரித்து வைத்திருக்கின்றனர். இவற்றுள் இயற்கை வகுத்தவை எவை, வணிகம் சூட்டியவை எவை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதல் பதிவு ஒரு விலங்குக் காட்சிசாலையை ஒட்டி எழுந்தது. லெய்டன் அருங்காட்சியகத்தின் இயக்குநர் ஹெர்மான் ஸ்லேகல், ஆம்ஸ்டர்டாமின் ஆர்டிஸ் காட்சிசாலை ஊர்வனவற்றைப் பற்றிய நூலில், 1872-இல் ‘பைத்தான் கர்டஸ்’ என்ற இனத்தை விவரித்தார். இடம் சுமத்ரா. சில ஆண்டுகளுக்குப் பின் வியன்னாவின் ஃபிரான்ஸ் ஸ்டைன்டாக்னர் போர்னியோவின் உட்பகுதியான தேவேயிலிருந்து வந்த பாம்பைத் தனி இனமாக்கி, அதைச் சேகரித்த படை மருத்துவர் பிரைட்டென்ஸ்டைனின் பெயரைச் சூட்டினார். மூன்றாவதான சிவப்பு வகையை ஆலிவ் ஸ்டல் 1938-இல் துணையினமாக அறிவித்தார். டச்சு ஆய்வாளர் பிரோங்கெர்ஸ்மாவின் பெயரைப் பெற்ற அதன் மூல மாதிரிக்குக் குறிக்கப்பட்ட ஊர் சிங்கப்பூர். சுற்றுவட்டத் தீவுகளின் சரக்கெல்லாம் வந்து கூடிய துறைமுகம் அது. இடப்பெயரை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் மூன்றும் ஒரே இனத்தின் துணையினங்களாகவே கருதப்பட்டன. இதனால் விளைந்த இழப்பு பெரிது. மலைப்பாம்புக் குடும்பம், காட்டுயிர்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டுக்குள் வந்தபின் ஏற்றுமதிக்கு அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. சீட்டில் இனப்பெயரும் நாடும் இருக்கும். மூன்று வகையுமே இந்தோனேசியாவில் வாழ்பவை. எனவே ‘பைத்தான் கர்டஸ், இந்தோனேசியா’ என்ற சீட்டிலிருந்து பாம்பு எந்தத் தீவினது என்றுகூட அறிய இயலாது. தோலுக்காகச் சுமத்ராவின் மேடான் நகரச் சுற்றுவட்டாரத்தில் கொல்லப்பட்டவையும், உயிரோடு அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போனவையும் இந்த ஒரே பெயரில்தான் கணக்கில் ஏறின.

திருப்பம் 2001-இல் வந்தது. ஸ்காட் கியோ, டேவிட் பார்க்கர், ரிக் ஷைன் மூவரும் மைட்டோகாண்ட்ரிய டி.என்.ஏ.வையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு மூன்றும் தனித்தனி இனங்கள் என்று நிறுவினர். பார்க்கர் மலைப்பாம்புகளை வளர்த்து இனப்பெருக்கம் செய்துவந்தவர் என்பதைக் குறிப்பிட வேண்டும். ஆய்வின் மிக வியப்பான முடிவு உறவுமுறை பற்றியது. சுமத்ராவின் நெடுக்கே ஓடும் பாரிசான் மலைத்தொடருக்கு மேற்கிலும் தெற்கிலும் கருப்பு வகையும், கிழக்கில் சிவப்பு வகையும் வாழ்கின்றன. ஒரே தீவில் இருந்தும் கருப்புக்கு நெருங்கிய உறவு சிவப்பு அல்ல, கடலுக்கு அப்பாலுள்ள போர்னியோ பாம்புதான். பனியூழிகளில் கடல்மட்டம் தாழ்ந்து இந்நிலங்கள் ஒன்றாக இருந்ததை நினைத்தால் கடல் இவற்றுக்கு நிரந்தரத் தடையல்ல என்பது புரியும்.

அப்படியானால் கருப்பு, சிவப்பு, போர்னியோ என்ற வளர்ப்பாளர் பிரிவுகள் மூன்றும் இயற்கையின் பிரிவுகளே. அவற்றைக் கலக்காமல் வளர்த்தவர்கள் அறிவியல் ஒப்புவதற்கு முன்பே சரியானதைச் செய்திருந்தனர். பங்கா, சரவாக் போன்ற பெயர்கள் வேறு தரத்தவை. ஓர் இனத்துக்குள் ஒரு தீவையோ மாநிலத்தையோ குறிப்பவை. இவற்றை நிறத்தை வைத்து உறுதிசெய்ய முடியாது. சிவப்பு வகையின் குஞ்சு பழுப்பாகப் பிறந்து, ஆண்டுகள் செல்லச் செல்லவே சிவக்கும்; முதிர்ந்தவற்றிலும் சிவப்பு, செம்மஞ்சள், பழுப்பு எல்லாம் உண்டு. தலையின் நிறமோ ஒரே பாம்பிலேயே வெளிறும், கருக்கும். காட்டில் பிடித்த சினைப்பாம்பின் முட்டைகளைப் பொரிக்கவைத்துப் ‘பண்ணைக் குஞ்சுகள்’ என்று ஏற்றுமதி செய்யும்போது, தாய் பிடிபட்ட ஊர் பெரும்பாலும் தரகரோடு நின்றுவிடுகிறது.

அதற்குமேல் கலப்பினம். இந்த இனங்கள் கூண்டில் எளிதாக இணையும். ஆப்பிரிக்கப் பந்து மலைப்பாம்போடும் இணைத்து ‘சூப்பர் பால்’ என்று விற்றிருக்கின்றனர். மேட்ரிக்ஸ், பாத்திக் முதலிய மரபணு நிறவகைகளுக்கு விலை ஏறியபின் சந்தையின் கவனம் ஊரை விட்டு நிறத்துக்கு நகர்ந்தது. என் கணிப்பில், வட்டார வகைகள் அரிதாகிவருவதற்குக் காட்டுச் சூழல் மட்டும் காரணமல்ல. வளர்ப்பறையில் நடந்த இந்த மாற்றத்துக்கும் பெரும் பங்குண்டு.

நான்காவது இனம் 2011-இல் மியான்மரின் மோன் மாநிலத்துக் கியாய்க்தியோ சரணாலயத்தில் கிடைத்த ஒரே ஒரு மாதிரியைக் கொண்டு விவரிக்கப்பட்டது. பிடிபட்ட இடம் குறிக்கப்பட்டிருந்ததால் அந்த ஒற்றைப் பாம்பே ஓர் இனத்துக்குச் சான்றாயிற்று. ஆகவே வளர்ப்போரே, தாய் தந்தை, இறக்குமதி ஆண்டு, பிடிபட்ட இடம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். விற்கும்போது அந்த ஏட்டையும் உடன் கொடுங்கள். ஏடு இல்லாத பாம்பை எந்த ஊரின் பெயராலும் விற்காதீர்கள்.