ஈறு வழியே தெரியும் இரத்தநோய்: சேலம், நாமக்கல் சமவெளியை முன்வைத்து

ஈறுகளில் இரத்தம் வருகிறது என்று சேலத்திலோ ராசிபுரத்திலோ ஒருவர் சொன்னால், கேட்பவரிடம் காரணம் தயாராக இருக்கும்: பற்காரை, உடல் சூடு, சத்துக்குறைவு, காய்ச்சலும் சேர்ந்தால் டெங்கு. இவை பெரும்பாலும் சரியாகவே இருந்துவிடுகின்றன. இடர்ப்பாடே அதில்தான் இருக்கிறது. பலமுறை பொருந்திய காரணத்தை அடுத்த முறை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. வாயில் தெரியும் அறிகுறிக்கு எளிய விளக்கம் உடனே கிடைத்துவிடுவதும், கடும் இரத்தப் புற்றுநோய் பிந்தி அறியப்படுவதற்கு ஒரு காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

நோயின் போக்கைப் பார்த்தால் குழப்பம் ஏன் நேர்கிறது என்பது புரியும். எலும்பு மஜ்ஜையில் முதிராத வெள்ளணுக்கள் பெருகும்போது தட்டணுக்கள் குறைந்து ஈறு கசிகிறது. சிவப்பணு குறைந்து உதடும் அண்ணமும் வெளுக்கின்றன. வேலை செய்யும் வெள்ளணு குறைவதால் வாய்ப்புண் வருகிறது. இந்தப் புண்ணைச் சுற்றி வழக்கமான சிவந்த வளையம் அநேகமாக இருக்காது, அழற்சியை உண்டாக்கும் அணுக்களே இல்லையே! சில வகைகளில் முதிரா அணுக்கள் ஈறுக்குள்ளேயே குடியேறி அதை வீங்கவைக்கின்றன. அமெரிக்காவில் டிரைசென் குழுவினர் 1,076 நோயாளிகளை ஆராய்ந்து 1983-இல் வெளியிட்ட கட்டுரையில், மோனோசைட்டிக் வகையில் 66.7 விழுக்காட்டினருக்கும் மைலோமோனோசைட்டிக் வகையில் 18.5 விழுக்காட்டினருக்கும் இத்தகைய ஈறு வீக்கம் இருந்தது. பல் இல்லாத இடத்தில் இவ்வீக்கம் மிக அரிது. அதாவது, பற்காரை படியும் அதே விளிம்பில்தான் புற்றணுக்களும் சேர்கின்றன. ஒன்றை மற்றொன்றாகக் கொள்வதற்குக் காரணம் மருத்துவரின் அறியாமை மட்டுமன்று, இடத்தின் ஒற்றுமையும்கூட.

பிரித்தறிய உதவுபவை வீக்கத்தின் வேகமும், காரைக்கும் கசிவுக்கும் உள்ள பொருத்தமும். இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின், வலிப்புக்கான பெனிட்டாயின் ஆகிய மாத்திரைகளாலும் ஈறு வளரும். ஆனால் அது மாதக்கணக்கில், கெட்டியாக வளரும். இரத்தப் புற்றுநோயில் சில வாரங்களுக்குள் இரு தாடைகளிலும் ஈறு தளர்ந்து, நீலம் பாய்ந்தோ வெளுத்தோ பல்லை மூடத் தொடங்கும். காரை கொஞ்சமாக இருக்க, கசிவு மிகையாக இருந்தால் ஐயம் கொள்ள வேண்டும். துலக்காமலே கசிந்து, காலையில் தலையணை உறையில் கறை தெரிந்தால் இன்னும் கூடுதலாக.

டெங்கு பற்றித் தனியே சொல்ல வேண்டும். 2017-இல் தமிழகத்தை உலுக்கிய டெங்குவுக்குப் பிறகு, ‘தட்டணு எவ்வளவு?’ என்பது தேநீர்க்கடைப் பேச்சாகவே ஆகிவிட்டது. விழிப்புணர்வு நல்லதுதான், ஆனால் பரிசோதனைத் தாளின் ஒரு வரி மட்டும் படிக்கப்படுகிறது. கடும் டெங்குவில் இரத்த நீர் கசிவதால் இரத்தம் அடர்ந்து ஹிமடோகிரிட் (இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். இரத்தப் புற்றுநோயில் ஹீமோகுளோபின் இறங்கியிருக்கும். டெங்குவில் இறங்கிய தட்டணு, காய்ச்சல் தணிந்த சில நாளில் ஏறத் தொடங்கும். ஏறவில்லை என்றால் மறுபடி தட்டணுவை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பதில் பயனில்லை. இரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் பூசி நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அந்த ஸ்மியரில் முதிரா அணுக்கள் பெரும்பாலும் சிக்கிவிடும்.

விரைந்து கண்டறிவது ஏன் அவசரம் என்பதற்கு வேலூரே சான்று. இரத்தப் புற்றுநோயின் புரோமைலோசைட்டிக் என்ற வகையில் ஈறு வீங்குவது வழக்கமில்லை. இரத்தம் உறையாமல் கசிவதுதான் அதன் முகம். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை 1998 முதல் 2004 வரை 72 நோயாளிகளுக்கு ஆர்செனிக் டிரையாக்சைடு என்ற மருந்தை மட்டுமே கொடுத்துச் சிகிச்சை செய்ததில் 62 பேரிடம் நோய் தணிந்தது. இன்று குணமாகும் வாய்ப்பு மிகுந்த வகை இது. ஆனால் இறப்பவர்களில் பலர் முதல் சில நாள்களில், இரத்தப்போக்கால் இறக்கிறார்கள். அந்த நாள்களில் ‘ஆடுற பல்ல எடுத்துருங்க’ என்று வந்து அமர்பவருக்கு இரத்தம் பார்க்காமல் பல் பிடுங்குவது எவ்வளவு ஆபத்து!

எல்லா ஈறு கசிவுக்கும் இரத்தப் பரிசோதனை கேட்டால் வீண் செலவு, வீண் பீதி என்பார்கள். நியாயம். நான் கேட்பது மேற்சொன்ன பொருத்தமின்மை தெரியும் வாய்களுக்கு மட்டும். அதற்கான முழு இரத்த எண்ணிக்கைப் பரிசோதனை இன்று சிறுநகர ஆய்வகங்களிலும் கிடைக்கிறது. வாயைப் பார்க்கும் பொதுத் திட்டங்களில் உள்ள இடைவெளி இதைவிடப் பெரிது. குழந்தைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 18 வயது வரை பார்க்கிறது. தேசியத் தொற்றாநோய்த் திட்டத்தின் வாய்ப் பரிசோதனை 30 வயதில் தொடங்கி, புகையிலையின் தடத்தையே முதன்மையாகத் தேடுகிறது. இடைப்பட்ட வயதினர், அதாவது பள்ளிபாளையம் விசைத்தறியிலும் ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியிலும் உழைப்பவர்கள், பல் வலித்தால்தான் யாரிடமும் வாயைத் திறக்கிறார்கள். வாயைப் பார்த்து உடலை அறிவது நமக்குப் புதிதன்று: சித்த மருத்துவத்தின் எண்வகைத் தேர்வில் நாவும் ஒன்று. நவீனக் கல்விதான் பல்லை ஒரு கல்லூரிக்கும் இரத்தத்தை இன்னொரு கல்லூரிக்கும் பிரித்துக் கொடுத்தது.

சேலத்திலும் திருச்செங்கோட்டுப் பகுதியிலும் பல் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. நாமக்கல்லில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. குறைவது கட்டடம் அன்று, அனுப்பும் சீட்டு. அதில் ‘ஈறு வீக்கம்’ என்று மட்டும் எழுதினால், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகும் நோயாளி மறுபடி பல் பிரிவின் வரிசையில்தான் நிற்பார். வீக்கம் எத்தனை வாரமாக, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், ஹீமோகுளோபின், வெள்ளணு, தட்டணு எவ்வளவு, ஸ்மியரில் என்ன தெரிந்தது என்று நான்கு வரி இருந்தால் அன்றே பொது மருத்துவப் பிரிவுக்குப் போவார்.