ஊழலை வெளிப்படுத்தும் ஊழியர்களுக்கான பாதுகாப்பு (இந்தியா)

தாம் பணியாற்றும் அலுவலகத்திலோ நிறுவனத்திலோ நடக்கும் ஊழலைப் புகாராகத் தெரிவிக்கும் ஊழியர் அதற்காகப் பழிவாங்கப்படாமல் காக்கும் சட்டங்களும் நடைமுறைகளும் இத்தலைப்பில் அடங்கும். பழிவாங்கல் பெரும்பாலும் தாளில்தான் நடக்கிறது. தூரத்து ஊருக்கு இடமாற்றம், பழைய கோப்பைக் கிளறி ஒரு மெமோ, நிறுத்திவைக்கப்படும் பதவி உயர்வு, கெடுத்து எழுதப்படும் ஆண்டு மதிப்பீடு ஆகியவை அதன் வழக்கமான வடிவங்கள். சில வேளை கொலையிலும் முடிந்திருக்கிறது.

அமெரிக்கா 1863-லேயே, உள்நாட்டுப் போர்க் காலத்தில், அரசை ஏமாற்றும் ஒப்பந்ததாரர்கள் மீது வழக்குத் தொடுப்பவருக்கு மீட்கப்படும் தொகையில் பங்கு தரும் சட்டத்தை இயற்றியது. பிரிட்டனில் 1998-ல் தனிச் சட்டம் வந்தது. இந்தியாவில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் இப்படியொரு சட்டம் தேவை என்று கேட்டதையடுத்து, நீதிபதி பி.பி. ஜீவன் ரெட்டி தலைமையிலான சட்ட ஆணையம் 2001 டிசம்பரில் தன் 179-வது அறிக்கையை அளித்தது. மசோதாவின் வரைவும் அதிலேயே இருந்தது. அரசு அதை எடுத்துக்கொள்ளாமல் கிடப்பில் போட்டது.

அந்தத் தாமதத்தின் நடுவேதான் சத்யேந்திர துபேயின் கடிதம் வருகிறது. கான்பூர் ஐஐடியில் படித்த கட்டுமானப் பொறியாளரான அவர், தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் அதிகாரியாக, தங்க நாற்கரச் சாலைத் திட்டப் பணிகளை ஜார்க்கண்டின் கோடர்மாவில் மேற்பார்வையிட்டார். பெரிய நிறுவனங்கள் எடுத்த ஒப்பந்த வேலை, அதைச் செய்யும் திறனற்ற சிறு ஒப்பந்ததாரர்களின் கைக்குப் போவதையும், தரம் கெடுவதையும், பணம் வீணாவதையும் விவரித்து 2002 நவம்பரில் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதினார். பெயரில்லாக் கடிதத்தை யாரும் பொருட்படுத்த மாட்டார்கள் என்பதால் தம்மைப் பற்றிய விவரங்களைத் தனித்தாளில் இணைத்தார். தம் அடையாளத்தை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். அந்தக் கடிதமோ அவர் பெயர் தெரியும்படியே பிரதமர் அலுவலகத்திலிருந்து சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும், அங்கிருந்து அவர் வேலை பார்த்த ஆணையத்துக்கும் சென்றது. 2003 நவம்பர் 27 அதிகாலை, வாரணாசியில் ஒரு திருமணத்துக்குப் போய்விட்டு கயாவுக்குத் திரும்பியவர், ரயில் நிலையத்திலிருந்து ரிக்‌ஷாவில் வீட்டுக்குப் போகும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 30. வழிப்பறியில் நடந்த கொலை என்பது சிபிஐயின் முடிவு; 2010-ல் மூவர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பானது. குடும்பத்தார் அந்த முடிவை ஏற்கவில்லை. கொலைக்கான காரணத்தில் கருத்து வேறுபாடு இருக்கலாம். மறைத்து வைக்கும்படி கேட்ட பெயரை அரசு அலுவலகங்கள் மறைக்கவில்லை என்பதில் வேறுபாட்டுக்கு இடமில்லை.

நாடெங்கும் எழுந்த கொதிப்பும் உச்ச நீதிமன்றத்தில் நடந்த வழக்கும் சேர்ந்து அரசை நகர்த்தின. சட்டம் வரும்வரை ஓர் ஏற்பாடாக, 2004 ஏப்ரல் 21 அன்று பொதுநல வெளிப்படுத்தல் மற்றும் தகவல் தருவோர் பாதுகாப்புத் தீர்மானம் வெளியானது. இதன்படி புகாரைப் பெறும் அமைப்பு மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். புகாரை மூடி ஒட்டிய உறையில் வைத்து, இத்தீர்மானத்தின் கீழான புகார் என்று உறையின் மேல் எழுத வேண்டும். அப்படி எழுதாவிட்டால் அது சாதாரணப் புகாராகிவிடும். பெயரை மறைக்கும் கடமை ஆணையத்துக்கு இராது. அனுப்புநரின் பெயரும் முகவரியும் உறையின் மேல் இருக்கக் கூடாது, உள்ளே கட்டாயம் இருக்க வேண்டும். பெயர் வெளிப்படாமலிருக்க, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதல் கடிதமும் அனுப்பப்படுவதில்லை. துபேக்கு நேர்ந்தது இன்னொருவருக்கு நேரக் கூடாது என்ற அக்கறை இந்த விதிகளில் தெரிகிறது. ஆனால் மத்திய அரசு, அதன் பொதுத்துறை நிறுவனங்கள் போன்றவை மட்டுமே இதன் எல்லைக்குள் வருகின்றன. சென்னைக் கோட்டையில் பணிபுரியும் ஒரு மாநில அரசு ஊழியர் தம் துறையின் ஊழலைப் பற்றி எழுத இந்த உறை பயன்படாது.

மறு ஆண்டே, 2005 நவம்பர் 19 அன்று, இந்தியன் ஆயில் நிறுவனத்தின் விற்பனை அதிகாரி மஞ்சுநாத் சண்முகம் உத்தரப் பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். லக்னோ ஐஐஎம்மில் படித்த அவருக்கு வயது 27. எரிபொருள் கலப்படத்துக்காக ஒரு பெட்ரோல் பங்க் மீது நடவடிக்கை எடுத்ததே காரணம். ஆறு பேரின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2015-ல் உறுதிசெய்தது. உறையில் பெயரை மறைக்கும் ஏற்பாடு மஞ்சுநாத்துக்கு உதவியிருக்காது. நேரில் போய்ச் சோதனையிடும் அதிகாரிக்குத் தேவைப்படுவது வேறு வகைக் காவல்.

இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் 2007-ல் தனிச் சட்டத்தை வலியுறுத்திய பின், 2010 ஆகஸ்டில் மசோதா மக்களவைக்கு வந்தது. 2011 டிசம்பரில் மக்களவையிலும் 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் நிறைவேறி, அதே ஆண்டு மே 9-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. இச்சட்டம் மாநில அரசு ஊழியர்களையும் உள்ளடக்கியது. புகார் செய்தவரின் பெயரை வெளியிடுவோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 50,000 ரூபாய் வரை அபராதமும் விதித்தது. ஒரு நடவடிக்கை பழிவாங்கல் இல்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் வைத்தது. சட்டத்தின் ஆகச் சிறந்த பகுதி இதுவே. ஆயினும் பழிவாங்கல் எது என்று எங்கும் வரையறுக்கவில்லை. வேண்டுமென்றே பொய்ப் புகார் தருவோருக்கு இரண்டாண்டு வரை சிறை என்ற பிரிவும் உண்டு.

இவ்வளவும் ஏட்டளவில்தான். சட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை பத்தாண்டுகள் கடந்தும் வெளியாகவில்லை. மாறாக, 2015 மே மாதம் ஒரு திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. நாட்டின் பாதுகாப்பு, வணிக ரகசியம், அமைச்சரவை ஆவணங்கள் உள்ளிட்ட பத்து வகைத் தகவல்களை அது புகாருக்கு அப்பால் வைத்தது. 1923-ம் ஆண்டின் அலுவல் ரகசியச் சட்டத்திலிருந்து மூலச் சட்டம் தந்த விலக்கையும் பறித்தது. பெரிய ஊழல்களின் சான்று இத்தகைய ஆவணங்களில்தான் கிடக்கும் என்பதால் இது சட்டத்தின் உயிரையே எடுக்கும் திருத்தம். மாநிலங்களவையில் தேங்கி, 2019-ல் மக்களவைக் காலம் முடிந்தபோது காலாவதியானது.

தனியார் துறையில் 2013-ம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் உள்ளகப் புகார் வழிமுறை அமைப்பதைக் கட்டாயமாக்கியது. அதே ஆண்டு ரான்பாக்ஸி மருந்து நிறுவனம் அமெரிக்காவில் 50 கோடி டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அந்நிறுவனத்தில் பணியாற்றி அதன் போலித் தரவுகளை அம்பலப்படுத்திய தினேஷ் தாக்கூருக்கு, 1863-ன் சட்டப்படி ஏறத்தாழ 4.8 கோடி டாலர் பங்கு கிடைத்தது. இந்தியச் சட்டங்களில் அவருக்கு இத்தகைய வழி இருக்கவில்லை. வெளியாகாத நிறுவனத் தகவலை வைத்துப் பங்குகளை வாங்கி விற்கும் உள்வணிகம் பற்றித் தகவல் தருவோருக்கு வெகுமதி வழங்கும் விதிகளை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி 2019-ல் கொண்டுவந்தது. ஒரு கோடி ரூபாயாக இருந்த உச்சவரம்பு 2021-ல் பத்துக் கோடியானது. பணிநீக்கம், பதவியிறக்கம், இடைநீக்கம், மிரட்டல், துன்புறுத்தல் எனப் பழிவாங்கலின் வகைகளையும் அவ்விதிகள் பெயர் சொல்லியே குறிப்பிடுகின்றன. 2014-ம் ஆண்டுச் சட்டத்தில் இல்லாத வரிகள் இவை.