கடிதம் முதல் புலனம் வரை: பினாங்குத் தமிழரும் அந்தரங்கக் காப்பும்

பினாங்குப் பாலத்தின் தீவுப்புற முனையில் அமைந்திருக்கிறது கெலுகோர். 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டேவிட் பிரவுன் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவரின் தோட்டம் இங்கே இருந்தது. பின்னர் பிரித்தானியப் படையினரின் மிண்டன் பாசறை எழுந்தது. 1969-இல் நிறுவப்பெற்ற மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இன்று அப்பாசறை நிலத்தில் விளங்குகிறது. தோட்டம், பாசறை, பல்கலைக்கழகம் என மூன்று காலங்களைக் கண்ட இவ்வூரைக் களமாகக் கொண்டு, நம் நாளின் ஒரு வினாவை வரலாற்றின் துணையோடு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொழில்நுட்பத்தையும் சமூக ஊடகத்தையும் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் நம்மவரிடையே இரண்டு கருத்துகளைக் கேட்கிறோம். 'ஒளிப்பதற்கு என்னிடம் என்ன இருக்கிறது?' என்பது ஒன்று. 'அந்தரங்கம் என்பதே மேலைநாட்டுச் சரக்கு. கூடிவாழும் தமிழருக்கு அது என்றும் இருந்ததில்லை' என்பது மற்றொன்று. ஆசிரியர் அறையிலும் கோயில் மண்டபத்திலும் திருமண வீட்டிலும் இவ்விரண்டும் ஒலிக்கின்றன. இரண்டும் எளிதில் ஏற்கத் தக்கனவாகவே தோன்றுகின்றன. ஆயினும் பினாங்குத் தமிழரின் வரலாறு இவ்விரண்டையும் மறுக்கிறது என்பது எம் கருத்து.

முதலில் கடிதத்தின் காலத்தைக் காண்போம். மலாயாவுக்கு வந்த தமிழருள் மிகப் பலர் பினாங்குத் துறைமுகத்தில்தான் முதலில் இறங்கினர். நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பல்கள் வந்தன. 'ரஜுலா' என்னும் கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் இக்கடலில் ஓடியது. வந்தோருள் பலர் கெலுகோருக்குத் தெற்கே கரையை ஒட்டிக் கிடக்கும் ஜெரஜாக் தீவில் நோய்த்தடுப்புக்காகத் தங்கவைக்கப்பட்டு, அதன் பின்னரே தோட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களுக்கும் ஊரில் விட்டுவந்த குடும்பத்துக்கும் இருந்த ஒரே பாலம் கடிதம்.

எழுத்தறியாத தொழிலாளி தன் கடிதத்தைத் தானே எழுத இயலாது. நகரத்தில் கூலி வாங்கிக்கொண்டு எழுதித் தருவோர் இருந்தனர். தோட்டத்தில் எழுத்தறிந்த தோழரோ கிராணியோ உதவினர். ஊரில் அக்கடிதத்தைப் பெற்ற மனைவியோ தாயோ அதனைப் படித்துக்காட்ட வேறொருவரை நாடினார். ஆகவே கணவன் மனைவிக்குச் சொல்ல விரும்பிய செய்தி, குறைந்தது இரண்டு அயலார் செவிகளைக் கடந்தே அவளை அடைந்தது. இதனை மட்டும் நோக்குவோர், 'அந்நாளில் அந்தரங்கம் ஏது?' என்று வினவக்கூடும்.

ஆனால் அத்தொழிலாளி எவரிடமும் சென்று கடிதம் எழுதச் சொல்லவில்லை. வாய் காப்பவர் யார் என்று பார்த்தே நாடினார். கடன், நோய், குடும்பப் பிணக்கு ஆகியவற்றைக் கடிதத்தில் சொல்லாமல், ஊருக்குத் திரும்பும் உறவினர்வழி வாய்மொழியாகச் சொல்லியனுப்பும் வழக்கமும் இருந்தது. தன் செய்தியை எழுதியவர் யார், படிப்பவர் யார் என்பது அவருக்குத் தெரியும். இதிலிருந்து நாம் ஒரு வரையறையை வகுத்துக்கொள்ளலாம்: அந்தரங்கம் என்பது பிறர் எவரும் அறியாதிருத்தல் அன்று; அறிவோர் யாவர் என்பது நம் தெரிவாக இருத்தல். இவ்வரையறையின்படி, ஏழைத் தொழிலாளிக்கும் அந்தரங்கம் இருந்தது. அதனைக் காக்க அவர் முயன்றார்.

நம் இலக்கண மரபும் இதற்குச் சான்று பகர்கிறது. வாழ்க்கையை அகம், புறம் என இரண்டாகப் பகுத்த தொல்காப்பியம், அன்பின் ஐந்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்று விதித்தது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்னும் பொதுப்பெயர்களே அங்கு வழங்கும். உணர்ச்சி உலகுக்கு உரியது; உணர்ந்தவர் யார் என்பது உலகுக்கு உரியதன்று என்பதே இவ்விதியின் உட்கிடை எனக் கொள்ளலாம். இன்று தரவு ஆய்வாளர்கள், ஒரு தொகுப்பை வெளியிடுமுன் அதிலுள்ள பெயர்களையும் அடையாளங்களையும் நீக்குகின்றனர். நோக்கம் வேறாயினும் நெறி ஒன்றே. திருக்குறளும் புறங்கூறாமைக்குத் தனி அதிகாரம் வகுத்துள்ளது. எனவே அந்தரங்கம் நமக்கு அயற்பொருள் என்னும் கூற்று பொருந்தாது.

அடுத்து, 'ஒளிப்பதற்கு என்ன இருக்கிறது?' என்னும் வினாவுக்கு வருவோம். இதற்கு அடையாள அட்டையின் வரலாறு விடை தருகிறது. 1948-ஆம் ஆண்டு ஜூன் மாதம் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் 12 வயதும் அதற்கு மேலும் ஆனோர் அனைவரும் பதிவு செய்யப்பட்டு, நிழற்படமும் கைரேகையும் கொண்ட அடையாள அட்டை பெறலாயினர். கிளர்ச்சியாளரையும் பொதுமக்களையும் பிரித்தறிதல் அதன் நோக்கம். அவசரகாலம் 1960-இல் முடிவுற்றது, அட்டை முடிவுறவில்லை. அது குடியுரிமைக்கும் பள்ளிக்கும் வங்கிக்கும் மருத்துவமனைக்கும் உரிய திறவுகோலாயிற்று. 2001-இல் சில்லு பதித்த 'மைகார்டு' வந்தது. ஒரு நோக்கத்துக்காகத் திரட்டப்படும் விவரம் பிறிதொரு நோக்கத்துக்கும் பயன்படும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இவ்வட்டையின் எண்ணை மாணவர்கள் ஒருமுறை உற்றுநோக்க வேண்டும். 12 இலக்கங்களில் முதல் ஆறும் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டும் பிறந்த இடத்தின் குறியீடு, பினாங்குக்கு 07. இறுதி இலக்கம் ஒற்றைப்படையாயின் ஆண், இரட்டைப்படையாயின் பெண். ஆக, பெயரும் முகமும் அறியாத ஒருவரின் வயதும் பிறந்த மாநிலமும் பாலும் அவ்வெண்ணிலேயே அடங்கியுள்ளன. வெறும் எண்தானே என்று நாம் புலனக் குழுவில் பகிரும் ஒன்று, உண்மையில் ஒரு சிறு வாழ்க்கைக் குறிப்பு. அதிலும் ஒரு கடுமை உண்டு: கடவுச்சொல் களவு போனால் மாற்றிக்கொள்ளலாம், பிறந்த நாளை மாற்றிக்கொள்ள இயலாது.

இனித் தொழில்நுட்பத்தின் வருகையைக் காண்போம். கெலுகோருக்குச் சற்றுத் தெற்கே உள்ள பாயான் லெப்பாஸில் 1972-இல் தடையற்ற தொழில் வளாகம் தொடங்கியது. இண்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அங்கேதான் நிறுவியது. மலாய், சீன, தமிழ்ப் பெண்கள் பலர் நுண்ணோக்கியின் முன் அமர்ந்து சில்லுகளைப் பொருத்தினர். உலகின் கணினிகளுக்குள் நம் வட்டாரத்து மகளிரின் உழைப்பு இருக்கிறது. தொழில்நுட்பத்தை வெளியிலிருந்து வந்து நம்மைத் தாக்கிய ஒன்றாகவே பேசுவோர் இதனை நினைவிற்கொள்ளல் நலம்.

தமிழைக் கணினியில் ஏற்றுவதிலும் மலேசியத் தமிழரின் பங்கு சிறப்புடையது. முத்து நெடுமாறன் 1980-களின் நடுப்பகுதியில் தொடங்கிய முரசு மென்பொருள் பின்னர் 'முரசு அஞ்சல்' என உலகெங்கும் பரவியது. 2001-இல் உலகத் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. 2005-இல் 'செல்லினம்' வந்தபோது கைப்பேசிக் குறுஞ்செய்தியும் தமிழிலேயே எழுதலாயிற்று.

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. 1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பலவும் தத்தமக்கெனத் தனிக் குறியீட்டு முறைகளைக் கொண்டிருந்தன. ஓர் எழுத்துருவில் எழுதிய மடல், அதே எழுத்துரு இல்லாதவரின் திரையில் புரியாத குறிகளாகத் தோன்றியது. தேடுபொறிகளும் அதனைப் படிக்க இயலவில்லை. இக்குறையைப் போக்கவே அறிஞர்கள் உழைத்தனர். 1991-ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்திருந்த ஒருங்குறி, பின்னாளில் எங்கும் நிலைபெற்றது. இது பெருவெற்றி, ஐயமில்லை. அதன் பயனாகத்தான் ஒரு மாணவர் இன்று பழைய இலக்கியத்தின் ஒரு சொல்லை நொடியில் தேடி எடுக்கிறார். ஆனால் அதே வெற்றியால், முகநூலில் நாம் தமிழில் எழுதிய ஒவ்வொரு வரியும் எந்திரம் படிக்கவும் தேடவும் தொகுக்கவும் கூடியதாயிற்று. மொழிக்குக் கிடைத்த அதே கதவு வழியாகவே நம் வீட்டுப் பேச்சும் வெளியே சென்றது. தமிழில் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது என்று எண்ணியிருந்த காலம் முடிந்தது.

சட்டம் இதனை எவ்வாறு எதிர்கொண்டது? மலேசியக் கூட்டரசு அரசமைப்புச் சட்டம் அந்தரங்க உரிமையைப் பெயர் சுட்டிக் கூறவில்லை. எனினும், சிவராசா ராசையா தொடுத்த வழக்கில் 2010-இல் தீர்ப்பளித்த கூட்டரசு நீதிமன்றம், ஐந்தாம் பிரிவு காக்கும் தனிமனிதச் சுதந்திரத்துள் அந்தரங்க உரிமையும் அடங்கும் எனக் குறிப்பிட்டது. அதே ஆண்டில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, 2013-ஆம் ஆண்டு நவம்பர் 15-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமையே என அறிவித்தது.

அத்தீர்ப்பு வெளிவந்து இரண்டு மாதங்களில், மலேசியாவில் 46.2 மில்லியன் கைப்பேசி எண்களின் விவரங்கள் கசிந்தமை தெரியவந்தது. அந்நாளில் நாட்டின் மக்கள்தொகை ஏறத்தாழ 32 மில்லியன். பெயர், முகவரி, அடையாள அட்டை எண் ஆகியவை அவ்விவரங்களுள் இருந்தன. 'ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை' என்றவரும் அதில் இருந்தார். எச்சரிக்கையோடு வாழ்ந்தவரும் இருந்தார். 2024-இல் இச்சட்டம் திருத்தப்பட்டது. தரவுக் கசிவு நேர்ந்தால் உரிய ஆணையருக்கு அறிவித்தல் கட்டாயமாயிற்று, தண்டனையும் கூட்டப்பட்டது.

ஆயினும் இச்சட்டத்தின் எல்லையை ஆசிரியர்கள் அறிந்திருத்தல் வேண்டும். இது வணிகத் தொடர்புடைய தரவுகளுக்கே உரியது. கூட்டரசு, மாநில அரசுகள் இதற்குக் கட்டுப்பட்டவை அல்ல. குடும்பத்தினரும் நண்பரும் தம்முள் பகிர்வன இதன் வரம்புக்குள் வாரா. அதாவது, நம் அன்றாட வாழ்வின் பெரும்பகுதி சட்டத்தின் நிழலுக்கு வெளியே நிற்கிறது.

புலனச் செய்திகள் 2016 முதல் முழுமையாக மறையாக்கம் பெற்றே செல்கின்றன. இடைவழியில் எவரும் அவற்றைப் படித்தல் அரிது. ஆனால் 200 பேர் உள்ள குழுவில் இட்ட செய்தியை, அந்த 200 பேரில் ஒருவர் படம்பிடித்து வேறிடம் அனுப்புவதை எந்த மறையாக்கமும் தடுக்காது. மாணவர் பெயரும் அடையாள எண்ணும் கொண்ட பட்டியல், உதவித்தொகை பெறும் ஏழைப் பிள்ளைகளின் நிழற்படம், மதிப்பெண் குறைந்தோரின் வரிசை ஆகியவை பெற்றோர் குழுக்களில் நல்லெண்ணத்தோடு பகிரப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். நாமும் சில வேளைகளில் சிந்தியாமல் அனுப்பியிருக்கிறோம் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அங்கே ஒளிக்க வேண்டியவர் அனுப்பியவர் அல்லர், அந்தப் பிள்ளை. 'எனக்கு மறைக்க ஒன்றுமில்லை' என்பவர் பிறருக்காகவும் சேர்த்து அவ்விடை கூறுகிறார். அக்கருத்தின் பிழை இதுவே.

கடிதம் எழுதித் தந்தவர்கள் தம்மிடம் பிறர் ஒப்படைத்த செய்திக்குக் காவலராக நின்றனர். இன்று கைப்பேசி ஏந்திய ஒவ்வொருவரும் அப்பணியில் இருக்கிறோம். பட்டியலை அனுப்புமுன் எண்ணை நீக்குதல், படத்தைப் பகிருமுன் பிள்ளையிடமும் பெற்றோரிடமும் கேட்டல், ஒருவர் நம்மை நம்பிச் சொன்னதை மூன்றாமவருக்குக் கடத்தாதிருத்தல் ஆகியவற்றுக்குப் பெரிய தொழில்நுட்ப அறிவு வேண்டுவதில்லை. வகுப்பறையில் அகம், புறம் என்னும் பாடத்தை நடத்தும் நாளில், தலைவியின் பெயர் ஏன் சொல்லப்படவில்லை என்று மாணவரிடம் ஒரு வினா எழுப்பலாம். அவர்கள் கூறும் விடைகளிலிருந்து அவர்தம் கைப்பேசிக்கு வந்து சேர்வது கடினமன்று.

கடல் கடந்து வந்த தொழிலாளிக்கு எழுதத் தெரியாது. ஆயினும் தம் செய்தியை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று அவர் தெரிந்திருந்தார். எழுத்தறிந்த நாமும் அதனைக் கற்றாக வேண்டும்.