உலைக்களத்துப் பெயர், நெற்களத்து வேலை

போர்டிகோவில் சேரும் சருகையும் கார் ஷெட்டின் மூலையில் அடையும் மண்ணையும் காற்றால் தள்ளும் கைக்கருவிக்குக் கடைவீதியில் ஒரே பெயர்தான்: ப்ளோயர். பேட்டரியில் ஓடினால் கார்ட்லெஸ் ப்ளோயர். தமிழில் எழுத நேரும்போது ‘ஊதி’ என்றோ ‘காற்றூதி’ என்றோ எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் காற்றைக் கொண்டு வேலை வாங்கும் கருவிகளுக்குத் தமிழில் நெடிய பெயர் வரலாறு உண்டு. அதைப் பின்தொடர்ந்து போனால், இந்தக் கருவியைப் பார்த்து வாங்கும் வழியும் கூடவே தெரிகிறது.

பழைய பெயர் துருத்தி. கொல்லன் உலைக்குக் காற்றூட்டும் தோற்பை. அதைக் காலால் மிதித்து இயக்கிய வகைக்கு ‘மிதிதோல்’ என்று பெயர். குறுந்தொகையின் 172ஆம் பாட்டில் கச்சிப்பேட்டு நன்னாகையார் இந்தச் சொல்லை ஆள்கிறார். ஏழு ஊருக்கும் பொதுவாக ஓர் ஊரில் மட்டும் உலை இருக்கிறது. அதன் மிதிதோலுக்கு ஓய்வே இல்லை. தலைவியின் நெஞ்சும் அப்படித்தான் வருந்துகிறது என்பது அங்கே உவமை. காதல் பாட்டுக்குள் ஒரு தொழிற்கூடத்தின் வேலைப்பளு பதிவாகியிருப்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும்.

‘மிதிதோல்’ என்ற பெயரில் காற்றும் இல்லை, நெருப்பும் இல்லை. தோல் இருக்கிறது, மிதிக்கும் கால் இருக்கிறது. துருத்தியும் அடிப்படையில் பைக்கு வந்த பெயர்தான். தெலுங்கில் ‘தித்தி’ என்றால் தோற்பை, துருத்தி இரண்டும். தோற்பையில் காற்றடைத்து வாசிக்கும் இசைக்கருவிக்கும் அதே பெயர். கன்னடத்தில் ‘திதி’. வடமொழியில் தண்ணீர் சுமக்கும் தோற்பை ‘திருதி’. துருத்தியை அதனோடு இணைத்துப் பார்ப்பவர்களும் உண்டு, ‘துருத்து’ என்ற தமிழ் வினையோடு இணைப்பவர்களும் உண்டு. எந்தப் பக்கம் நின்றாலும் பை என்ற பொருள் மாறுவதில்லை. இதற்குத் தெளிவான சான்று பழைய தமிழ் விவிலிய மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. புதிய திராட்சரசத்தை வார்க்கக் கூடாத பழைய தோற்பைக்கு மத்தேயுவில் துருத்தி என்றே பெயர். எரேமியாவில் உலையூதும் கருவிக்கும் துருத்தி என்றே பெயர். ஒரே நூலில் ஒரே சொல் இரு வேலை செய்கிறது.

துருத்திக்கு இன்னொரு பொருளும் உண்டு: ஆற்றின் நடுவே மேடிட்டு நிற்கும் நிலம். திருவையாற்றுக்குப் பக்கத்தில் திருப்பூந்துருத்தி இருக்கிறது. மயிலாடுதுறையை அடுத்த குத்தாலத்துக்குத் தேவாரத்தில் திருத்துருத்தி என்று பெயர். மலையாளத்தில் ‘துருத்து’ இன்றும் தீவைக் குறிக்கும் வழக்குச் சொல். நீரைப் பிளந்துகொண்டு துருத்தி நிற்பதால் வந்த பெயர் என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. உலைத் துருத்தியோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை.

ஆங்கிலத்திலும் கதை பையில்தான் தொடங்குகிறது. துருத்தியைக் குறிக்கும் ‘பெல்லோஸ்’, வயிற்றைக் குறிக்கும் ‘பெல்லி’ இரண்டும் பழைய ஆங்கிலத்தில் ‘பெல்க்’ என்ற ஒரே சொல்லிலிருந்து பிரிந்தவை. பெல்க் என்றால் தோற்பை. கார்ட்லெஸ் என்பதற்குள் இருக்கும் ‘கார்ட்’ கிரேக்கத்தில் குடலைக் குறித்த சொல். குடலை முறுக்கி நரம்பும் கயிறும் செய்ததால் கயிற்றுக்கு அந்தப் பெயர் வந்தது. 

பையின் பெயர் போய், செய்யும் வேலையின் பெயர் எப்போது வந்தது? பை மறைந்தபோதுதான். இரும்புக் கூட்டுக்குள் சுழலும் இறக்கைகள் காற்றைத் தள்ளத் தொடங்கியதும் பெல்லோஸ் பின்வாங்கி, ஊதுவது என்று மட்டுமே பொருள்படும் ப்ளோயர் முன்னுக்கு வந்தது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்ற ஊரில் ரூட்ஸ் சகோதரர்கள் 1860இல் காப்புரிமை பெற்ற இரட்டைச் சுழலி இன்றும் ‘ரூட்ஸ் ப்ளோயர்’ என்றே ஆலைகளில் அறியப்படுகிறது. நம் ஊர்ப் பட்டறைகளிலும் கையால் சுற்றும் சக்கர ப்ளோயர் வந்து தோல் துருத்தியை ஓரம் கட்டியது. அதற்குப் பின் வந்த கரண்ட் ப்ளோயர் கொல்லனின் கையையும் விடுவித்தது.

தமிழில் இந்த வேலைப்பெயருக்கு வேர் ‘ஊது’. மலையாளத்தில் ஊதுக, கன்னடத்திலும் தெலுங்கிலும் ஊது. நம் பெரிய மொழிகள் நான்கும் பகிர்ந்துகொள்ளும் சொல் இது. ஊதல், ஊதைக்காற்று, அடுப்படியின் ஊதாங்குழல், பொற்கொல்லரின் ஊதுகுழல் எல்லாம் இதன் பிள்ளைகள். ஊதுவத்தி மட்டும் இந்தக் குடும்பம் இல்லை. அது இந்துஸ்தானியின் ‘ஊத்பத்தி’. முன்பாதியான ஊத், அகில் கட்டையைக் குறிக்கும் அரபுச் சொல். யாரும் ஊதாத வத்திக்கு ஊதுவத்தி என்ற பெயர் பொருந்திவிட்டது, காதுக்குப் பழகிய வேர் அங்கே கிடைத்ததால்தான்.

ஊது குடும்பத்தின் கருவிகளைச் சேர்த்துப் பாருங்கள். உலை, அடுப்பு, பொற்கொல்லர் விளக்கு என்று எல்லாமே நெருப்புக்கு அருகில் நிற்கின்றன. இசைக்குழல்களை விட்டால், தமிழன் காற்றை ஊதியது பெரும்பாலும் தீயை வளர்க்கத்தான். வீட்டைச் சுத்தம் செய்யும் சொற்கள் வேறு இடத்தில் இருக்கின்றன: பெருக்கு, கூட்டு, துடை, வாரு. விளக்குமாறு, சீமாறு, துடைப்பம், வாருகோல் எல்லாமே தரையைத் தொட்டு வேலை செய்பவை. தரையைத் தொடாமல் தூசியை நகர்த்தும் கருவிக்கு உலைக்களத்திலிருந்து பெயர் எடுத்தது சரிதானா?

இதற்குப் பதில் எதிர்பாராத இடத்தில் இருக்கிறது. காற்றுத் தள்ளும் எந்திரங்களை அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கம் அழுத்தத்தை வைத்து வகைப்படுத்துகிறது. உள்ளே போகும் காற்றைவிட வெளியே வரும் காற்றின் அழுத்தம் 1.11 மடங்கு வரை இருந்தால் அது விசிறி, 1.11 முதல் 1.20 வரை என்றால் ப்ளோயர். அதற்கு மேல் கம்ப்ரஸர். வீட்டு ப்ளோயர் மணிக்கு 216 கிலோமீட்டர் வேகத்தில் காற்றைத் தள்ளுவதாக வைத்துக்கொண்டாலும், கணக்குப் போட்டால் அதற்கு வேண்டிய கூடுதல் அழுத்தம் ஏறத்தாழ 2 சதவீதம்தான். பொறியியல் அளவையின்படி ப்ளோயர் என்று நாம் வாங்குவது ஒரு விசிறி.

ஆங்கிலத்தின் ‘ஃபேன்’ எங்கிருந்து வந்தது? லத்தீனின் ‘வன்னுஸ்’ என்ற சொல்லிலிருந்து. வன்னுஸ் என்றால் தானியம் தூற்றும் கூடை; நம் முறம், சுளகு. தமிழின் விசிறியும் ‘விசிறு’ என்ற வினையிலிருந்து வந்தது. வலை விசிறுகிறோம், விதை விசிறுகிறோம். வீசிப் பரப்புவதே அதன் மூலப்பொருள். காற்றால் சுத்தம் செய்வதற்குத் தமிழில் சரியான வினை ஒன்று முன்பே இருந்திருக்கிறது. அதுதான் ‘தூற்று’. தூவு, தூறல் ஆகியவற்றின் உறவுச்சொல் அது. களத்துமேட்டில் நெல்லைத் தூற்றும்போது மணி காலடியில் விழும், பதர் தள்ளிப் போகும். ஒருவரைப் பற்றி ஊரெல்லாம் பழி பரப்புவதற்கும் தூற்றுவது என்றே பெயர். போர்டிகோவில் நாம் செய்வதும் இந்தத் தூற்றல்தான். பெயரை உலைக்களம் தந்தது, வேலை நெற்களத்துடையது.

இதைப் புரிந்துகொண்டால் வாங்குவது எளிது. உலைக்கு அழுத்தம் வேண்டும், கரிக்கட்டிகளின் இடுக்கில் காற்று புக வேண்டும். தூற்றுவதற்கு வேண்டியது அளவும் வேகமும். அளவை நிமிடத்துக்கு இத்தனை கன அடி என்று அட்டைப்பெட்டியில் ‘சிஎஃப்எம்’ கணக்கில் போடுவார்கள். 100 கன அடி என்பது சுமார் 2.8 கன மீட்டர். வேகத்தைக் குறுகிய மூக்கை மாட்டி அளந்து, அளவை மூக்கைக் கழற்றிவிட்டு அளந்து, இரண்டு பெரிய எண்களையும் அருகருகே அச்சிடும் வழக்கம் உண்டு. இரண்டும் ஒரே நேரத்தில் கிடைக்காது. ஊதுவிசையை நியூட்டனில் கொடுத்திருந்தால் அதையே நம்புங்கள். ஒரு நியூட்டன் ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமம். அளவும் வேகமும் சேர்ந்த பயன் அந்த ஓர் எண்ணில் வந்துவிடுகிறது.

மூக்கு என்றேன். உலைக்குள் காற்று நுழையும் வாய்க்கு உலைமூக்கு என்று பெயர். ஆங்கில ‘நாஸில்’ என்பதும் சின்ன மூக்கு என்றுதான் பொருள்படும். அகன்ற மூக்கு சருகுக்கு. குறுகிய மூக்கு ஜன்னல் தண்டவாளத்துக்கும் ஸ்கூட்டர் இன்ஜின் இடுக்குக்கும். இரண்டும் சேர்ந்து வரும் கருவியாகப் பாருங்கள்.

பேட்டரிப் பெயரிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘20 வோல்ட்’ என்று விற்பதிலும் ‘18 வோல்ட்’ என்று விற்பதிலும் பெரும்பாலும் அதே ஐந்து லித்தியம் செல்கள்தான். செல்லுக்கு இயல்பு மின்னழுத்தம் 3.6 வோல்ட், ஐந்துக்கு 18. முழுதாகச் சார்ஜ் ஏறியதும் 20ஐத் தாண்டும். அந்த உச்சத்தைப் பெயராக்கியதுதான் 20. ஆகவே வோல்ட்டை மட்டும் பார்க்காமல், அதை ஆம்பியர்-மணியால் பெருக்குங்கள். 18 வோல்ட், 4 ஆம்பியர்-மணி என்றால் 72 வாட்-மணி. மோட்டார் 400 வாட் இழுத்தால் பதினொரு நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும். போர்டிகோவுக்கும் கார் ஷெட்டுக்கும் அது போதும், மாந்தோப்புக்குப் போதாது. ஏற்கெனவே பேட்டரி டிரில் வைத்திருப்பவர் அதே பேட்டரி ஏறும் ப்ளோயரையே வாங்க வேண்டும். தினமும் ஒரே இடத்தில், பிளக் பாயின்ட் பக்கத்திலேயே வேலை என்றால் ஒயர் வைத்ததே மேல். விலையும் குறைவு, சார்ஜ் தீரும் கவலையும் இல்லை.

பயன்படுத்தும் முறைக்கும் களத்துமேடே வழிகாட்டி. தூற்றுபவர் காற்றுக்கு எதிரே நிற்கமாட்டார். அப்படியே நீங்களும் ஷெட்டின் உள்மூலையில் தொடங்கி, வெளியே போகும் காற்றோடு சேர்ந்து வாசலை நோக்கித் தள்ளுங்கள். மூடிய அறைக்குள் ஊதினால் தூசி எழும்பிச் சுற்றி வந்து அலமாரி மேல் உட்காரும். அங்கே துடைப்பத்துக்கு நிகர் வேறில்லை. மூக்கையும் வாயையும் மாஸ்க் கொண்டு மூடிக்கொள்ளுங்கள். பெட்ரோல் வாடை இருக்கும் இடத்தில் ஓட்டக் கூடாது, மோட்டாரின் பொறியே போதும் தீப்பிடிக்க. கங்கு கிடக்கும் சாம்பலிலும் கூடாது.

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். பேச்சில் ப்ளோயர் நிலைத்துவிட்டது, இருக்கட்டும். எழுத்தில் ஒரு தமிழ்ப்பெயர் வேண்டுமென்றால் ‘தூற்றி’ என்பதையே நான் எழுதுவேன். ஊதி என்பது உலையோடு குழம்புகிறது, தூற்றி செய்யும் வேலையைச் சொல்கிறது. எந்தப் பெயரில் வாங்கினாலும், பழைய ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஷெட்டுக்குள் மட்டும் இதை ஓட்டாதீர்கள். உதிர்ந்த கல்நார் இழை காற்றில் எழுந்தால் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். அந்தத் தரைக்கு ஈரத்துணிதான் ஏற்றது.