யூரின் பை இல்லாமலும் வெளியே போகலாம்!

நெய்யூர் பக்கம் பனை, தென்னையில் இருந்து விழுந்து முதுகுத்தண்டில் அடிபட்டால் கால் மட்டுமா போகும்? சிறுநீரும் தானாக பிரியாது. டியூபும் பையுமாக கல்யாண வீட்டுக்குக்கூட போகாமல் முடங்கி விடுகிறார்கள்.

இதற்கு மாற்றுவழி, 4 முதல் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை மெல்லிய டியூபை தாங்களே செலுத்தி, சிறுநீரை வடித்ததும் எடுத்துவிடுவது. டாக்டர், நர்சிடம் பழகிய பிறகே செய்ய வேண்டும். ஆபரேஷன் தியேட்டர் சுத்தம் வேண்டாம், சோப்பு போட்டு கை கழுவினால் போதும் என்று 1972-ல் சொன்னவர் அமெரிக்க டாக்டர் ஜாக் லாப்பிடஸ். சிறுநீரை தேங்க விடுவதுதான் ஆபத்து; கிருமி பெருகும், கிட்னி கெடும்.

சிக்கலே வெளியூர் கிளம்பும்போதுதான். எத்தனை பஸ் ஸ்டாண்டு கழிவறையில் சோப்பும் தாழ்ப்பாளும் இருக்கிறது? அதற்கு பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கக்கூடாது. குளிர்காய்ச்சல் வந்தாலோ, சிறுநீர் கலங்கி நாறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு போய்விட வேண்டும்.